வாழைத்தார் போகிறது, பரிசுச் சீட்டு வருகிறது!

(நாங்குநேரிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உழைத்து உழைத்து உள்ளங்கை காய்த்துப்போன என் தோழர்களே!

நான்கு ஏரிகளால் பெயர் பெற்றது நாங்குநேரி என்று இவ்வூர்ப் பெரியவர்கள் கூறுவார்கள். ஏரியை அறிந்தவர்களுக்கு மடையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வயல் நம்முடையதாக இருக்கலாம். ஏரியும் நம்முடையதாக இருக்கலாம். ஆனால் மடையைத் திறக்கும் கை வேறொருவருடையதாக இருந்துவிட்டால், நம் வயல் காய்வதைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படிப்பட்ட ஒரு மடையைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அதன் வழியே வழிந்தோடுவது தண்ணீரல்ல, தோழர்களே! நம் மக்களுடைய கூலி!

களக்காட்டிலும் ஏர்வாடியிலும் இந்த நாங்குநேரிச் சுற்றுப்புறத்திலும் விளைகிற ஏத்தன் வாழைத்தார், ஆவணித் திங்களிலே லாரி லாரியாகத் தெற்கு நோக்கிப் புறப்படுகிறது. வள்ளியூர், பணகுடி, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று ஊர்களைக் கடந்து, களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். மலையாளத் தோழர்களின் ஓணப் பண்டிகைக்கு நம் வயலில் விளைந்த காய் போகிறது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. விளைவிப்பவன் தமிழன், உண்பவன் மலையாளி, இருவரும் வாழ்கிறார்கள். இதற்குப் பெயர் வாணிபம்.

அந்த லாரி திரும்பி வருகிறது. ஓட்டுபவரின் சட்டைப் பையிலே ஒரு சீட்டு. உடன்சென்ற சுமைத் தொழிலாளியின் மடியிலே ஒரு சீட்டு. “ஓணம் பம்பர்” என்று அதற்குப் பெயர். விலை 500 ரூபாய். முதற்பரிசு 25 கோடி ரூபாய்! வாழைத்தார் போகிறது, பரிசுச் சீட்டு வருகிறது. போனது பொருள். வந்தது என்ன? அச்சடித்த ஆசை!

ஒரு மாநிலம், தன் எல்லைக்கு வெளியே வாழும் ஏழையின் ஆசையை வருவாயாகக் கொள்ளலாமா? இதுதான் நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

எல்லையிலே எத்தனை கடைகள்!

தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டு விற்பனை 2003 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. கேரளத்தில் அரசே அதை நடத்துகிறது. ஆகவே வாளையாற்றிலும், குமுளியிலும், ஆரியங்காவிலும், களியக்காவிளைக்கு அப்பாலும், எல்லைக்கோட்டைக் கடந்தவுடன் நம்மை வரவேற்பவை லாட்டரிக் கடைகள். அங்கே பலகைகள் தமிழிலும் எழுதப்பட்டிருக்கின்றன. பேசுவோர் தமிழிலும் பேசுகிறார்கள். கேரளத்துக் கடையிலே தமிழ் மணக்கிறதே என்று பூரித்துப்போக வேண்டாம், தோழர்களே! தூண்டிலில் மாட்டிய புழு, மீனின் மொழியில்தான் பேசும்!

2024-ஆம் ஆண்டு ஓணம் பம்பர் 70 லட்சம் சீட்டுகளுக்கும் மேல் விற்றது. எந்த மாவட்டத்தில் மிகுதியாக விற்றது தெரியுமா? தலைநகரான திருவனந்தபுரத்திலா? அல்ல. மக்கள்தொகையில் முதலிடம் பெற்ற மலப்புரத்திலா? அதுவும் அல்ல. கோவைக்கு எதிரே, வாளையாற்றுக்கு அப்பால் இருக்கிறதே பாலக்காடு, அந்த மாவட்டத்தில்! காரணத்தைக் கணக்குப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. நிலப்படத்தைப் பார்த்தாலே போதும். 2023-ல் 25 கோடிப் பரிசும், வாளையாற்றில் சீட்டு வாங்கிய தமிழ்நாட்டுக்காரர்கள் நால்வருக்கே விழுந்தது. அந்தச் செய்தி ஏடுகளில் வந்தது. ஆனால் வாங்கி ஏமாந்த மற்றவர்களைப் பற்றி எந்த ஏட்டில் வந்தது? எந்தப் படம் வெளியாயிற்று?

நெல்லையும் தென்காசியும் ஒன்றாக இருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்குப்படி 30 லட்சத்துக்குச் சற்று அதிகம். கைக்குழந்தை முதல் கிழவர் வரை அத்தனை பேரையும் ஒரு திடலில் நிறுத்துங்கள். அதைப் போல இன்னொரு மடங்கு கூட்டத்தையும் கொண்டுவந்து நிறுத்துங்கள். இன்னும் பத்து லட்சம் பேரையும் சேருங்கள். ஒவ்வொருவரிடமும் 500 ரூபாய் வாங்குங்கள். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே ஒருவர் தலையைத் தொடுங்கள். அவருக்குத்தான் முதற்பரிசு! அதிலும் முகவர் கழிவு 10 விழுக்காடு, வருமான வரி 30 விழுக்காடு போகத்தான் மிச்சம்.

நாமும் நடத்திப் பார்த்தோம்

“அயலான் கொண்டுபோகிற பணத்தை நாமே வைத்துக்கொண்டால் என்ன? நாமும் ஒரு கடை திறப்போமே” என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் கூறமாட்டேன். கல்விக்குப் பணம் வேண்டும், மருத்துவத்துக்குப் பணம் வேண்டும் என்ற கவலையிலே கேட்கிறார்கள். ஆனால் இது புதிய யோசனையல்ல. நாமே நடந்து பார்த்த பழைய பாதை.

1967 நவம்பரில் கேரளம் பரிசுச் சீட்டு விற்கத் தொடங்கிற்று. சீட்டு ஒரு ரூபாய். முதற்பரிசு 50,000 ரூபாய். முதற்குலுக்கல் 1968 ஜனவரி 26. அடுத்து, அதே 1968-ல் தமிழ்நாட்டு அரசும் பரிசுச் சீட்டைக் கொண்டுவந்தது. “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்று அண்ணா அவர்கள் சொன்ன சொல் இன்றும் முதியோர் நாவில் இருக்கிறது. நல்ல நோக்கத்துடன் தொடங்கப்பட்டது என்பதிலே எனக்கு ஐயமில்லை. 1975-ல் அது நிறுத்தப்பட்டது. 1980-களில் திரும்பவும் வந்தது.

என்ன நடந்தது? நம் சீட்டு மட்டுமா விற்றது? சிக்கிம் சீட்டு வந்தது. நாகாலாந்து சீட்டு வந்தது. அருணாசலம், மிசோரம் வந்தன. அயல்நாடான பூட்டானும் வந்தது! கோகிமா எங்கே இருக்கிறது, காங்டாக் எங்கே இருக்கிறது என்று அறியாத தொழிலாளி, அந்த ஊர்களின் குலுக்கல் நேரத்தை மட்டும் மனப்பாடமாக அறிந்திருந்தான். ஒற்றை இலக்கச் சீட்டு என்று ஒன்று வந்தது. காலையில் வாங்கினால் மாலையில் முடிவு. காலைக் கூலி மாலைக்குள் கரைந்தது. பேருந்து நிலையந்தோறும் மேசை. மேசைதோறும் வண்ணச் சீட்டு. மேசைக்கு அடியிலே கிழித்தெறிந்த சீட்டுக் குப்பை. அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர் இருக்கிறீர்கள்.

அயலார் சீட்டை ஏன் தடுக்க முடியவில்லை? இதிலே ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தில் சூதும் பந்தயமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அரசு நடத்தும் லாட்டரி மட்டும் ஒன்றியப் பட்டியலின் 40-ஆம் இனமாக இருக்கிறது. ஒரு மாநிலம் தன் சீட்டை விற்றுக்கொண்டே அடுத்த மாநிலச் சீட்டைத் தடுக்க இயலாது என்று, மராட்டிய மாநிலம் சம்பந்தப்பட்ட வழக்கில் 1984-ல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1998-ல் நாடாளுமன்றம் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றிற்று. ஒற்றை இலக்கச் சீட்டு கூடாது, ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்று விதித்தது. அயல் மாநிலச் சீட்டைத் தடுக்கும் உரிமையையும் அளித்தது. தன் கடையை மூடிய மாநிலமே அடுத்தவன் கடையை மூடலாம் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமைக்கு எல்லை வகுத்தது.

எவ்வளவு நியாயமான சொல், எண்ணிப் பாருங்கள்! நாம் ஒரு கடை திறந்தால் வருவது ஒரு கடையல்ல, ஊர்வலம்! நம் கடையை மூடினால்தான் கதவும் நம் கையில் இருக்கும், தாழும் நம் கையில் இருக்கும். 2003-ல் மூடினோம். அதை எந்த ஆட்சி செய்தது, எந்தக் கட்சி செய்தது என்ற கணக்கை நான் இங்கே விரிக்கவில்லை. நல்லது செய்தவர் எவராயினும் நல்லது நல்லதே.

கேரளத் தோழர்களுக்கு ஒரு சொல்

மலையாளத் தோழர்கள்மீது நமக்குப் பகையில்லை. நேர்மையாகப் பேச வேண்டுமானால், அவர்கள் தரப்பையும் கூற வேண்டும். அங்கே லாட்டரியை அரசே நடத்துகிறது. குலுக்கல் பலர் அறிய நடக்கிறது. கால் ஊனமுற்றோரும் முதியோரும் சீட்டு விற்றுப் பிழைக்கிறார்கள். லாட்டரி வருவாயைக் கொண்டு, “காருண்யா” என்ற நிதியின் வழியே ஏழை நோயாளிகளுக்கு உதவி செய்திருக்கிறார்கள். இவையெல்லாம் உண்மை.

ஆனால் நாங்குநேரித் தொழிலாளி 500 ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்குகிறான். அந்தப் பணத்தில் ஒரு பங்கு கேரளக் கருவூலத்துக்குப் போகிறது. அவனுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டால் காருண்யா வருமா? வராது, அவன் கேரளத்தவன் அல்ல. அவன் கடன்பட்டால் அந்த அரசு கேட்குமா? கேட்காது, அவன் அங்கே வாக்காளன் அல்ல. அவன் பிள்ளை படிப்பை நிறுத்தினால் அந்தக் கணக்கு எந்த மாநிலத்தின் ஏட்டில் ஏறும்? நம் ஏட்டில்! வருவாய் அங்கே, வருத்தம் இங்கே. வரி வாங்கும் அரசு, வரி கொடுப்பவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பது மக்களாட்சியின் அரிச்சுவடி. எல்லைக்கு அப்பால் வாழும் சூதாடியிடம் வாங்குகிற வரிக்கு மட்டும் பதில் சொல்ல ஆளே இல்லை!

வேறொரு நஞ்சும் இதிலிருந்து முளைத்திருக்கிறது. கேரளச் சீட்டின் முடிவு நாள்தோறும் கைப்பேசியில் வருகிறது. அதன் கடைசி மூன்று எண்களை வைத்து, துண்டுக் காகிதத்தில் நடக்கிறது “மூணு நம்பர்” சூது. இது எந்த அரசின் சீட்டுமல்ல. முழுக்கக் கள்ளச் சூது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில், இந்தச் சூதினாலே கடனில் மூழ்கிய ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே அழிந்தது. கணவன், மனைவி, மூன்று பெண் குழந்தைகள். அந்தக் குழந்தைகள் எந்தச் சீட்டை வாங்கினார்கள், தோழர்களே?

தன் மக்களுக்குப் பூட்டு; பிறர் மக்களுக்குக் கம்பளம்!

லாட்டரி ஏழையின் சூது என்றால், கேசினோ என்னும் சூதாட்ட மாளிகை பணம் படைத்தவனின் சூது. அதிலும் இதே போட்டிதான். கோவாவிலே 1976-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தை 1992-லும் 1996-லும் திருத்தி, முதலில் ஐந்து நட்சத்திர ஓட்டல்களிலும் பிறகு கப்பல்களிலும் ஆட வழி திறந்தார்கள். இன்று பனாஜி நகரில் மாண்டவி ஆற்றிலே மின்விளக்கு மின்னக் கப்பல்கள் நிற்கின்றன. ஆட வருபவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? மும்பையிலிருந்து, பெங்களூரிலிருந்து, ஐதராபாத்திலிருந்து! சிக்கிமும் 2002-ல் சட்டம் இயற்றிக் கேசினோவுக்குக் கதவு திறந்தது.

இனி வருவதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. கோவா அரசு 2020 பிப்ரவரி 1 முதல் கோவா மக்கள் கேசினோவுக்குள் சென்று ஆடக் கூடாது என்று தடுத்தது. சிக்கிம் 2016-லேயே தன் மக்களுக்குத் தடை போட்டது. ஐரோப்பாவிலே மொனாக்கோ என்ற சிற்றரசு சூதாட்ட மாளிகையால் உலகப் புகழ் பெற்றது. அங்கே மொனாக்கோக் குடிமகன் ஆட முடியாது. நம் மக்கள் பலர் வேலை தேடிச் செல்லும் சிங்கப்பூரில் 2010-ல் கேசினோ திறந்தார்கள்; வெளிநாட்டான் இலவசமாக நுழையலாம், உள்நாட்டான் நுழைய வேண்டுமானால் கட்டணம். அது இன்று நாளொன்றுக்கு 150 வெள்ளி!

இதற்கு என்ன பொருள்? இது நஞ்சு என்று அந்த அரசுகளுக்கே தெரிகிறது. தெரிந்ததால்தான் தன் பிள்ளையின் வாயைப் பொத்துகிறார்கள். பிறகு அதே கிண்ணத்தை அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் நீட்டுகிறார்கள்!

பாரதக் கதையைக் கேட்டவர்கள் நீங்கள். அத்தினாபுரத்தார் அழகானதொரு மண்டபம் கட்டினார்கள். அது தம் ஊர்க்காரர் ஆடுவதற்கா? இல்லை. இந்திரப்பிரத்தத்து அரசனை ஓலை அனுப்பி வரவழைப்பதற்கு! வந்தவன் நாட்டை இழந்தான், தம்பியரை இழந்தான், மனைவியைச் சபையில் நிறுத்தினான். கதையில் வந்த அந்த மண்டபம் இன்று மாண்டவி ஆற்றில் மிதக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

போட்டியிலே கடை திறந்தவர்களாவது நிலையாக வாழ்ந்தார்களா? அமெரிக்காவைப் பாருங்கள். நியூ ஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் நகரில் 1978-ல் கேசினோ திறந்தார்கள். நலிந்த நகரம் நிமிரும் என்றார்கள். பக்கத்து மாநிலத்தார் பணத்துடன் வந்து குவிந்தார்கள். பக்கத்து மாநிலங்கள் பார்த்துக்கொண்டிருக்குமா? பென்சில்வேனியா 2004-ல் சட்டம் இயற்றித் தானும் திறந்தது. வந்த கூட்டம் வீட்டுக்கு அருகிலேயே ஆடத் தொடங்கிற்று. 2014 என்ற ஒரே ஆண்டில், அட்லாண்டிக் நகரின் பன்னிரண்டு கேசினோக்களில் நான்கு மூடப்பட்டன. வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அயலான் சூதை நம்பிக் கட்டிய வீடு, அயலான் தன் வீட்டிலேயே சூதாடத் தொடங்கியதும் சரிந்தது.

நாம் கேட்பது என்ன?

சூதாட்டம் வாணிபமாகாது என்பது புதிய கருத்தல்ல. மைசூர் இராச்சியத்துப் பெங்களூரிலிருந்து நடத்தப்பட்ட ஒரு பரிசுப் போட்டிக்குப் பம்பாய் மாநிலத்தில் ஆட்கள் பணம் கட்டினார்கள். பம்பாய் அரசு அதற்கு வரி விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. சூதாட்டம், அரசமைப்புச் சட்டம் காப்பாற்றுகிற வாணிப உரிமைக்குள் வராது என்று 1957-லேயே தீர்ப்பு வந்தது. வள்ளுவர் இன்னும் முன்னே சென்றார். பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே சூது என்ற அதிகாரத்தை வைத்தார். ஒரு புறம் போதை, மறு புறம் நோய்க்கு மருந்து, நடுவிலே சூது. இதைவிட விளக்கம் வேண்டுமா?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், இணையத்தில் பணம் வைத்து ஆடும் விளையாட்டை நாடு முழுவதும் தடை செய்து சட்டம் இயற்றிற்று. தமிழ்நாடு 2020-லேயே அந்த முயற்சியைத் தொடங்கியது. நன்று, வரவேற்கிறோம். ஆனால் கைப்பேசியில் நடத்தினால் குற்றம், கப்பலில் நடத்தினால் சுற்றுலாவா? இதே ஒன்றியத்தில் 2019 டிசம்பர் 18 அன்று, சரக்கு சேவை வரி மன்றத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக வாக்கெடுப்பு நடந்தது. எதற்காக? அரிசிக்கா? மருந்துக்கா? லாட்டரிக்கு எவ்வளவு வரி என்பதற்காக! 2025 செப்டம்பரில் அந்த வரி 40 விழுக்காடாக உயர்ந்தது. வரி உயர்ந்தால் அரசின் கண்டனம் உயர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது; அரசின் பங்கு உயர்ந்தது, அவ்வளவுதான்.

ஆகவே நாம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். தமிழ்நாட்டில் மூடிய கடையை எந்தக் காரணம் கூறியும் திறக்கக் கூடாது, இது முதலாவது. “மூணு நம்பர்” சூதிலே துண்டுச் சீட்டு எழுதும் ஏழையைப் பிடித்துக் கணக்குக் காட்டுவதோடு நில்லாமல், பின்னாலிருந்து பணம் திரட்டும் பெரிய கைகளைப் பிடிக்க வேண்டும், இது இரண்டாவது. மூன்றாவது, ஒன்றிய அரசுக்கு. 40-ஆம் இனம் உங்கள் கையில் இருக்கிறது. எல்லா மாநிலங்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரு பொது விதி செய்யுங்கள். தன் மக்களுக்குத் தடை போட்ட சூதாட்ட மாளிகைக்குள் அயல் மாநில மக்களையும் விடக் கூடாது. தடை செய்த மாநிலத்தின் எல்லையோரத்திலே சீட்டுக் கடைகளைக் குவிக்கக் கூடாது. தன் மக்களுக்கு ஆகாதது அயல் மக்களுக்கும் ஆகாது! இந்த ஒரு வரி சட்டமானால் போதும்.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2003 ஜனவரியில் லாட்டரிக் கடையை மூடிய இதே தமிழ்நாட்டில்தான், அதே ஆண்டு நவம்பரில் அரசே மதுவைச் சில்லறையில் விற்கத் தொடங்கிற்று. ஒரு மடையை அடைத்தோம். இன்னொரு மடையைத் திறந்தோம். 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோதும் கூறப்பட்ட காரணம், சுற்றிலும் நெருப்பு இருக்கும்போது நடுவிலே கற்பூரம் எப்படி எரியாமல் இருக்கும் என்பதுதான். அந்த வாதம் ஒருமுறை நம்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்துவிட்டோம். மீண்டும் அதே வாதத்துக்குச் செவி சாய்க்க வேண்டுமா?

கடைசியாக ஒன்று. சீட்டு வாங்குகிறவனை நான் ஏசமாட்டேன். ஆண்டுகள் பல கடந்தும், நாங்குநேரியில் அறிவிக்கப்பட்ட சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் சொன்ன அளவுக்கு ஆலைகள் வரவில்லை. மழை பெய்தால் விளைச்சல், பொய்த்தால் கடன். நேர்வழியில் வாழ்வு உயரும் என்ற நம்பிக்கை தேயும்போதுதான் மனிதன் குலுக்கலை நம்புகிறான். அவனுக்கு வேலை கொடுங்கள். விளைந்த காய்க்கு விலை கொடுங்கள். குறைந்த வட்டிக்குக் கடன் கொடுங்கள். அதன்பின் அவன் எல்லையைக் கடந்து போனால், வாழைத்தார் விற்கத்தான் போவான்.

அந்த லாரி வெறும் கையோடு திரும்ப வேண்டாம், தோழர்களே! விற்ற காயின் விலையோடு திரும்பட்டும். வாளையாற்றிலும் களியக்காவிளையிலும் இறைந்து கிடக்கிற கிழிந்த சீட்டுகளிலே நம் ஊர்க் கூலி இனியும் கலந்து கிடக்க வேண்டாம்.